தேடினால் கிடைக்கிறது, ஆனால் நிலைக்கிறதா?

(ஒரு பழைய மாணவி)

இன்றைய உலகம் தேடுதல் உலகம். ஐந்தாம் வகுப்புச் சிறுமி முதல் அவளுடைய பாட்டி வரை, ஏதேனும் ஒன்று தெரிய வேண்டுமானால் கைப்பேசியை எடுத்து ஒரு சொல்லைத் தட்டுகிறோம். இமைப்பொழுதில் விடை வந்து நிற்கிறது. "வந்துவிட்டதே!" என்று மகிழ்கிறோம். அது எங்கே இருந்தது, எப்படி வந்தது, நாளையும் அங்கே இருக்குமா என்று மட்டும் கேட்பதில்லை. என்னை அப்படிக் கேட்க வைத்தது ஒரு சிறு நிகழ்ச்சி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் பள்ளியை விட்டுச் சென்று சில ஆண்டுகளுக்குப் பின், பொதுமக்களின் மனுக்களைக் கணிப்பொறியில் பதியும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஒரு நாள் மாலை, முதியோர் உதவித்தொகை கேட்டு ஒரு பாட்டி வந்தார். கைநாட்டு வைத்த காகிதம், ரேஷன் அட்டை நகல், முந்தானையில் முடிந்த பஸ் காசு, அவ்வளவுதான் அவரிடம் இருந்தது. மனுவைப் பதிந்தேன். பதிவாயிற்றா என்று பார்க்க அவர் பெயரைத் தேடினேன். திரையில் வந்தது. "பதிவாயிடுச்சு பாட்டி, நிம்மதியாப் போங்க" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, மின்சாரம் போயிற்று. மின்தடைக்கென வைத்திருந்த பேட்டரியும் கைகொடுக்கவில்லை. அதே அறையில் இருந்த சர்வரும் அணைந்தது.

ஒரு மாதம் கழித்துப் பாட்டி மீண்டும் வந்தார். "என் மனு என்னம்மா ஆச்சு?" என்றார். தேடினேன். இல்லை. மீண்டும் மீண்டும் தேடினேன். என் கண்ணால் பார்த்த மனு, திரையில் தெரிந்த பெயர், இருந்த சுவடே இல்லாமல் போயிருந்தது. புதிதாக எழுதிப் பதிந்தோம். ஆனால் அவருக்குப் போன ஒரு மாதம் போனதுதான்.

தெரிந்தது எப்படித் தொலையும்? அன்புத் தோழியரே, அந்தக் கேள்விக்கு விடை தேடிக் கற்றதைத்தான் இக்கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

புத்தகத்தின் கடைசிப் பக்கம்

உங்கள் வரலாற்றுப் பாடநூலில் "பானிப்பட்டு" என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதற்பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகப் படிப்பது ஒரு வழி. நூலின் கடைசியில் உள்ள சொல்லடைவைப் புரட்டிப் பக்க எண்ணைப் பார்ப்பது இன்னொரு வழி. தேடுபொறிகள் செய்வது இரண்டாவது வழியே. எந்தச் சொல் எந்தெந்த ஆவணத்தில் உள்ளது என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்துக்கொள்கின்றன.

இது கணிப்பொறி கண்ட புதுமை அன்று. 13-ஆம் நூற்றாண்டிலேயே, பாரிஸ் நகரில், செயின்ட் ஷேர் ஊரைச் சேர்ந்த ஹியூ என்னும் தொமினிக்கன் துறவியின் தலைமையில், இலத்தீன் விவிலியத்தின் சொற்களுக்கெல்லாம் ஓர் அடைவு தொகுக்கப்பட்டது. எந்தச் சொல் எந்த நூலில், எந்த அதிகாரத்தில் வருகிறது என்று துறவியர் பலர் கூடிக் கையாலேயே எழுதினர். இன்றைய தேடுபொறியின் மூதாதை அதுவே எனலாம்.

நம் காலத்தில் இப்பணியைச் செய்யும் புகழ்பெற்ற மென்பொருள் லூசீன். அமெரிக்கரான டக் கட்டிங் 1999-இல் இதை எழுதினார். தம் மனைவியின் நடுப்பெயரையே இதற்குச் சூட்டினார். லூசீனை அடித்தளமாகக் கொண்டு, பல கணிப்பொறிகள் சேர்ந்து தேடும்படி 2010-இல் ஷே பேனன் என்பவர் உருவாக்கியது எலாஸ்டிக்சர்ச். இதன் வேர் ஒரு சமையலறையில் உள்ளது என்றால் வியப்பீர்கள்! அவர் மனைவி இலண்டனில் சமையற்கலை பயின்றபோது, சமையற்குறிப்புகளைத் தேட ஒரு கருவி செய்து தர முயன்றார். அந்த முயற்சியே வளர்ந்து வளர்ந்து இவ்வடிவம் பெற்றது. இன்று கடைகளின் பொருள் பட்டியல் முதல் நிறுவனங்களின் கோப்புகள் வரை எத்தனையோ இடங்களில் இது பயன்படுகிறது.

ஏன் உடனே தெரிவதில்லை?

அச்சான புத்தகத்துக்கு அடைவு போடுவது எளிது, அது மாறாது. ஆனால் விநாடிக்கு விநாடி புதிய பக்கங்கள் சேர்ந்துகொண்டே இருக்கும் புத்தகமாக இருந்தால்? ஒவ்வொரு பக்கம் சேரும்போதும் முழு அடைவையும் திருத்தி எழுத முடியுமா?

லூசீன் இதற்கு ஓர் எளிய வழியைக் கையாள்கிறது. எழுதி முடித்த அடைவை அது திருத்துவதே இல்லை. புதிதாக வந்த ஆவணங்களுக்கு மட்டும் தனியே ஒரு குட்டி அடைவு எழுதுகிறது. இதற்குச் செக்மென்ட் என்று பெயர். தேடும்போது எல்லாக் குட்டி அடைவுகளையும் பார்த்து விடையைத் தொகுக்கிறது. குட்டிகள் பெருகிவிட்டால், பின்னணியில் சிலவற்றை ஒன்றாக இணைத்துப் பெரிய அடைவாக்குகிறது. ஓர் ஆவணத்தை அழித்தால்கூட உடனே கிழித்தெறிவதில்லை. "இது நீக்கப்பட்டது" என்று குறி மட்டும் போட்டு, இணைக்கும் வேளையில் விட்டுவிடுகிறது.

புதிய ஆவணம் முதலில் கணிப்பொறியின் நினைவகத்தில் காத்திருக்கும். குறித்த இடைவெளியில் அவற்றைத் திரட்டி ஒரு செக்மென்ட் ஆக்கித் தேடலுக்குத் திறந்துவிடுவார்கள். இச்செயலுக்கு எலாஸ்டிக்சர்ச் இட்ட பெயர் ரெஃப்ரெஷ். வழக்கமான இடைவெளி 1 விநாடி. (2019-இல் வந்த 7.0 பதிப்பு முதல், 30 விநாடிகளாக யாருமே தேடாத அடைவுக்கு இந்த வேலை தேவையில்லை என்று நிறுத்தி வைக்கிறது.) எழுதிய அந்தக் கணமே தெரியாமல், ஏறத்தாழ ஒரு விநாடி கழித்துத் தெரிவதால், இதை "ஏறக்குறைய உடனடித் தேடல்" என்கின்றனர். 2009-இல் வெளிவந்த லூசீன் 2.9 பதிப்பில்தான் இந்த வசதி வந்தது.

இதற்கு முன் என்ன செய்தார்கள்? புதிய ஆவணம் தேடலில் தெரிய வேண்டுமானால், அடைவை வட்டில் அழுத்தமாக எழுதி முடித்து, பிறகு திறக்க வேண்டியிருந்தது. அதாவது, பத்திரமாவதும் கண்ணில் தெரிவதும் ஒரே செயலாக இருந்தன. 2009-இல் அவ்விரண்டும் பிரிந்தன. வேகம் கிடைத்தது. ஆனால் பாட்டியின் மனு தொலைந்த இடமும் அங்கேதான் பிறந்தது!

எழுதியது எங்கே எழுதப்பட்டது?

நாம் ஒரு கோப்பில் எழுதும்போது அது நேரே வட்டில் பதிந்துவிடுகிறது என்று எண்ணுகிறோம். அது உண்மையன்று. இயக்க அமைப்பு, நாம் எழுதியதை முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, "எழுதியாயிற்று" என்று பதில் சொல்லிவிடுகிறது. ஓய்வு கிடைக்கும்போது வட்டுக்கு அனுப்புகிறது. லினக்ஸ் அமைப்பில் இது வழக்கமாக ஏறத்தாழ 30 விநாடிகள் வரைகூடத் தள்ளிப் போகலாம். அதற்குள் மின்சாரம் போனால், நினைவகத்தில் இருந்தது காற்றோடு போயிற்று.

"இல்லை, இப்போதே வட்டில் எழுது, எழுதி முடித்த பிறகுதான் பதில் சொல்" என்று கண்டிப்பாகக் கட்டளையிட ஒரு வழி உண்டு. அதன் பெயர் எஃப்சிங்க். அப்படியானால் ஒவ்வொரு முறையும் இந்தக் கட்டளையைப் போட்டுவிடலாமே என்பீர்கள். அங்கேதான் ஒரு கணக்கு இருக்கிறது.

நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஒரு காந்த வட்டு, விநாடிக்கு 120 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு சுற்று நேரம் காத்திருந்தால், விநாடிக்கு 120 ஆவணங்களுக்கு மேல் எழுத இயலாது. இன்றைய திண்மநிலை வட்டுகள் இதைவிடப் பன்மடங்கு வேகமானவை. ஆயினும் நினைவகத்தின் வேகத்துக்கு அவையும் ஈடாகா. அதோடு, ஒரு செக்மென்ட் என்பது பல கோப்புகள் அடங்கியது. விநாடிக்கொரு முறை அத்தனையையும் வட்டில் அழுத்தி எழுதச் சொன்னால், எழுதுவதிலேயே காலம் போகும். தேட வந்தவர் காத்திருப்பார்.

ஆகவேதான் ரெஃப்ரெஷ் நடக்கும்போது, புதிய செக்மென்ட் இயக்க அமைப்பின் நினைவகத்தில் மட்டும் எழுதப்பட்டு, தேடலுக்குத் திறக்கப்படுகிறது. எஃப்சிங்க் கட்டளை போடுவதில்லை. தோழியரே, இதைச் சற்று நின்று கவனியுங்கள். தேடலில் ஓர் ஆவணம் தெரிகிறது என்பதற்கு, அது வட்டில் பதிந்துவிட்டது என்று பொருள் இல்லை!

கடைக்காரரின் நாள்வழி

அப்படியானால் ஆவணத்தைக் காப்பது எது? இதற்கு விடை நம் ஊர் மளிகைக் கடைகளில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருவதே.

கடைக்காரர் இரண்டு கணக்குப் புத்தகங்கள் வைத்திருப்பார். ஒன்று பேரேடு. ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயரிலும் தனிப் பக்கம் இருக்கும். யார் எவ்வளவு பாக்கி என்று நொடியில் புரட்டிப் பார்க்கலாம். இன்னொன்று நாள்வழி. காலையிலிருந்து நடந்த கொடுக்கல் வாங்கல் எல்லாம், நடந்த வரிசையில், ஒன்றன்கீழ் ஒன்றாக அதில் ஏறும். கூட்டம் மிகுந்த நேரத்தில் பேரேட்டைப் புரட்டி உரிய பக்கம் தேடி எழுத நேரம் ஏது? நாள்வழியில் ஒரு வரி கிறுக்கிவிட்டு அடுத்தவரைக் கவனிப்பார். இரவு கடையை மூடியபின், விளக்கடியில் உட்கார்ந்து நாள்வழியிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றுவார். ஏற்றும்போது தடங்கல் வந்தாலும் கவலை இல்லை. நாள்வழி இருக்கிறதே! மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எலாஸ்டிக்சர்ச்சில் அந்த நாள்வழியின் பெயர் டிரான்ஸ்லாக். ஓர் ஆவணம் வந்ததும், அடைவுக்கான நினைவகத்தில் சேர்க்கப்படுவதோடு, டிரான்ஸ்லாக் கோப்பின் கடைசியில் ஒரு பதிவாகவும் எழுதப்படுகிறது. கடைசியில் தொடர்ந்து எழுதிக்கொண்டே போவது என்பதால் அடைவை எழுதுவதைவிட இது எளிது. மின்சாரம் போய் மீண்டும் வந்தால், வட்டில் உறுதியாக எழுதப்பட்ட அடைவு எதுவரை இருக்கிறது என்று பார்த்து, அதற்குப் பின் வந்தவற்றை டிரான்ஸ்லாக்கிலிருந்து வரிசையாக மீண்டும் ஏற்றிக்கொள்கிறது.

நாள்வழி வளர்ந்துகொண்டே போகலாகாது அல்லவா? அவ்வப்போது செக்மென்ட்கள் அனைத்தையும் எஃப்சிங்க் கட்டளையோடு வட்டில் உறுதிப்படுத்தி, "இதுவரை பேரேட்டில் ஏறிவிட்டது" என்று குறித்து, புதிய நாள்வழி தொடங்கப்படும். இதற்கு ஃபிளஷ் என்று பெயர். கடைக்காரரின் இரவுக் கணக்கு இதுதான். சோலர் என்னும் மற்றொரு லூசீன் வழிமென்பொருளிலும் இதே அமைப்பு உண்டு. தேடலுக்குத் திறப்பதை அங்கே சாஃப்ட் கமிட் என்றும், வட்டில் உறுதிப்படுத்துவதை ஹார்ட் கமிட் என்றும் சொல்கிறார்கள்.

முதலில் நாள்வழி, பிறகு பேரேடு என்னும் இந்த முறை தரவுத்தளங்களிலிருந்து தேடுபொறிகளுக்கு வந்தது. அத்துறையில் பெரிதும் போற்றப்படும் ஏரீஸ் என்னும் முறையை 1992-இல் விளக்கி வெளியிட்ட ஐ.பி.எம். அறிஞர் குழுவின் முதன்மை ஆசிரியர் சி. மோகன். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று 1977-இல் பட்டம் பெற்றவர் அவர் என்பதில் நமக்கும் ஒரு பெருமை உண்டு.

ஐந்து விநாடியின் விலை

இப்போது பாட்டியின் மனுவுக்கு வருவோம். நாள்வழி இருந்தும் அது ஏன் தொலைந்தது?

டிரான்ஸ்லாக்கும் ஒரு கோப்புதானே? அதுவும் எஃப்சிங்க் செய்யப்பட்டால்தான் வட்டில் நிலைக்கும். எலாஸ்டிக்சர்ச்சின் தொடக்கப் பதிப்புகளில் 5 விநாடிக்கு ஒரு முறைதான் அவ்வாறு செய்யப்பட்டது. 2015-இல் வந்த 2.0 பதிப்பு முதல் வழக்கம் மாறியது. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் டிரான்ஸ்லாக்கை வட்டில் உறுதிப்படுத்திய பிறகே "பெற்றுக்கொண்டேன்" என்று பதில் வருகிறது. வேகம் வேண்டுவோர் பழையபடி 5 விநாடி முறையையும் தேர்ந்துகொள்ளலாம்.

எங்கள் அலுவலகத்தில் இருந்தது அந்த 5 விநாடி முறை. மனுவைப் பதிந்ததும் "பெற்றுக்கொண்டேன்" என்ற பதில் உடனே வந்தது. ஒரு விநாடியில் ரெஃப்ரெஷ் நடந்து, பெயர் தேடலில் தெரிந்தது. ஐந்தாவது விநாடி வருமுன் மின்சாரம் போயிற்று. அடைவும் நினைவகத்தில், நாள்வழியின் கடைசி வரியும் நினைவகத்தில். இரண்டும் சேர்ந்தே போயின. முந்தின மனுக்கள் யாவும் பத்திரமாக இருந்தன. போனது அந்தக் கடைசிச் சில விநாடிகளில் வந்தது மட்டும். கணக்கில் பார்த்தால் மிகச் சிறிய இழப்பு. ஆனால் அந்தச் சில விநாடிக்குள் இருந்தவருக்கு அது முழு இழப்பு அன்றோ?

வேகம் கருதித்தானே அப்படி வைத்தார்கள் என்று கேட்கலாம். வேகத்துக்கு நல்ல வழி வேறு உண்டு. ஆவணங்களை ஒவ்வொன்றாக அனுப்பாமல், நூறு, ஆயிரம் என்று கட்டாக அனுப்பினால், ஒரு கட்டுக்கு ஓர் எஃப்சிங்க் என்ற அளவில் செலவு சுருங்கிவிடும். வேகமும் குறையாது, உறுதியும் குறையாது. எங்கள் அலுவலகத்திலோ நாள் முழுவதும் வந்தவை சில நூறு மனுக்களே. அதற்கு அந்த 5 விநாடிச் சிக்கனம் தேவையே இல்லை.

ஓர் ஏடு போதுமா?

வட்டில் எழுதிவிட்டால் எல்லாம் முடிந்ததா? வட்டே பழுதானால்? ஆகவே எலாஸ்டிக்சர்ச், அடைவின் ஒவ்வொரு பகுதிக்கும் முதன்மைப் படி ஒன்றும், வேறு கணிப்பொறியில் நகல் படியும் வைத்துக்கொள்ளும். ஆவணம் முதன்மைப் படியில் ஏறி, நடப்பிலுள்ள நகல் படிகளுக்கும் போய்ச் சேர்ந்த பிறகே நமக்குப் பதில் வருகிறது. எங்களுக்கு இருந்தது ஒரே சர்வர். நகல் வைக்க இடமே இல்லை.

நகல் இருந்தாலும் தொல்லை இல்லாமல் இல்லை. கணிப்பொறிகளுக்கிடையே தொடர்பு அறுந்தால், "நான்தான் முதன்மை" என்று இருவர் கிளம்பக்கூடும். தொடர்பு மீண்டதும் ஒருவர் வாங்கிய ஆவணங்கள் கைவிடப்படும். கைல் கிங்ஸ்பரி என்னும் அமெரிக்கர், ஜெப்சன் என்ற தம் சோதனை முறையால், வேண்டுமென்றே தொடர்பை அறுத்துப் பார்த்தார். "பெற்றுக்கொண்டேன்" என்று பதில் தந்த ஆவணங்களே தொலைவதை 2014-இலும் 2015-இலும் வெளியிட்டுக் காட்டினார். குறை சுட்டியதால் நன்மையே விளைந்தது. பின்வந்த பதிப்புகளில் ஒவ்வொரு செயலுக்கும் வரிசை எண் தரும் முறை வந்தது. 2019-இன் 7.0 பதிப்பில் தலைமைக் கணிப்பொறியைத் தேர்ந்தெடுக்கும் முறையும் புதிதாக எழுதப்பட்டது.

எஃப்சிங்க் கட்டளையையே முழுதும் நம்பலாமா என்ற கேள்வியும் 2018-இல் எழுந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குவோர் ஓர் உண்மையைக் கண்டு திடுக்கிட்டனர். லினக்ஸில் எஃப்சிங்க் ஒரு முறை தோற்றால், மறுமுறை கேட்கும்போது, எழுதாததையும் மறந்துவிட்டு "சரி" என்று பதில் வரக்கூடும்! அதன்பின், எஃப்சிங்க் தோற்றால் மீண்டும் முயலாமல் உடனே நின்று, நாள்வழியிலிருந்து மீட்டுக்கொள்ளும்படி மாற்றினர்.

இன்னும் இரண்டு காவல்கள் உண்டு. 2014-இல் வந்த லூசீன் 4.8 முதல் ஒவ்வோர் அடைவுக் கோப்பின் இறுதியிலும் ஒரு சரிபார்ப்பு எண் எழுதப்படுகிறது. கோப்பு கெட்டுப்போயிருந்தால் அதைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். மற்றொன்று, தனியிடத்தில் எடுத்து வைக்கும் காப்புப் படி. நகல் படி இருக்கும்போது இது எதற்கு? நாமே தவறி ஒன்றை அழித்துவிட்டால், நகலும் பணிவாக அதை அழித்துவிடும். காப்புப் படி ஒன்றுதான் அப்போது கைகொடுக்கும்.

மனத்தில் கொள்ள வேண்டியவை

சிக்கலாகத் தோன்றும் இச்செய்தியைச் சுருக்கினால் மூன்று கேள்விகள்தாம். "பெற்றுக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டதா? தேடினால் தெரிகிறதா? மின்சாரம் போனாலும் இருக்குமா? மூன்றும் ஒன்று என்று நினைத்ததே என் தவறு. தேடலில் தெரியாத ஆவணம் பத்திரமாக நாள்வழியில் இருக்கலாம்; ஒரு விநாடி பொறுத்தால் தெரியும். தேடலில் தெரிகின்ற ஆவணம், மறுகணம் மறைந்தும் போகலாம்.

உங்களில் பலர் நாளை கணிப்பொறித் துறைக்குச் செல்வீர்கள். சிலர் வங்கியில், சிலர் மருத்துவமனையில், சிலர் என்னைப் போல் மனு வாங்கும் மேசையில் அமர்வீர்கள். உங்கள் முன்னால் ஒருவர் காகிதத்தோடு நிற்பார். அவருக்கு ரெஃப்ரெஷும் தெரியாது, எஃப்சிங்கும் தெரியாது. நீங்கள் சொல்லும் "ஆயிற்று" என்ற ஒரு சொல்லை நம்பி வீட்டுக்குப் போவார். அந்தச் சொல்லைச் சொல்லுமுன், அது எந்த ஏட்டில் ஏறியது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாட்டிக்கு உதவித்தொகை பிறகு கிடைத்தது. அதைச் சொல்லவே ஒரு நாள் அலுவலகம் வந்தார். அதற்குள் நாங்கள் 5 விநாடி முறையை நீக்கிவிட்டு, ஒவ்வொரு மனுவும் வட்டில் ஏறிய பிறகே பதில் வரும்படி மாற்றியிருந்தோம். இரண்டாவது சர்வரும் வந்திருந்தது. மேசையில் ஒரு தடித்த நோட்டும் வைத்திருந்தோம். மனு வந்ததும் பெயரும் நேரமும் முதலில் அதில்தான் ஏறும். "இது என்னம்மா, கணக்குப் புத்தகமா?" என்று கேட்டார் பாட்டி. "ஆமாம் பாட்டி, நாள்வழி" என்றேன்.